கலைச்சொல்: 'டம்மி க்வெஸ்ச்சனேர்' தமிழில் எப்படி?

வணக்கம். வீட்டு வன்முறை ஆய்வில் பேட்டியின் நடுவே மாமியாரோ கணவரோ வந்துவிட்டால், பேட்டியாளர் சட்டென்று தாய்ப்பால், மாதவிடாய் பற்றிய கேள்விகளுக்குத் தாவுவார். அதற்கென்றே தயாராக வைத்திருக்கும் இந்த 'டம்மி க்வெஸ்ச்சனேரை'ப் 'போலி வினாநிரல்' எனலாமா?

*

ஐயா, 'போலி' வேண்டாம். அதில் ஏமாற்று என்ற பொருள் வந்துவிடும். பேட்டி தரும் பெண்ணுக்கு இந்த ஏற்பாடு முன்பே தெரிந்திருக்க வேண்டும். "யாராவது வந்தால் பேச்சை மாற்றுவேன், நீங்களும் அதற்கேற்பப் பதில் சொல்லுங்கள்" என்று இசைவு கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மாற்றினால் அவர் திகைத்து, முந்தைய கேள்விக்கே பதில் சொல்லிவிடுவார். வந்தவருக்கு விஷயம் புரிந்துவிடும். பிறகு அடி விழுவது அந்தப் பெண்ணுக்குத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட நெறிமுறைகள் பெண்ணின் பாதுகாப்பைத் தரவுக்கு மேலே வைக்கின்றன. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்பதும், ஆய்வின் பெயரில் 'வன்முறை' வராமல் 'பெண்கள் நலமும் வாழ்க்கை அனுபவங்களும்' என்று வைப்பதும் அதனால்தான். 10 நாடுகளில் 24,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த அதன் ஆய்வில், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை மட்டுமே உடனிருக்கலாம் என்று வைத்திருந்தார்கள். மாற்றிக் கேட்கும் கேள்விகளும் அந்தப் பெயரோடு ஒட்ட வேண்டும். நலம் விசாரிக்க வந்ததாகச் சொல்லிவிட்டு ரேஷன் கார்டைப் பற்றிக் கேட்டால் சந்தேகம் வரும்.

'காப்பு வினாநிரல்' பொருந்துமா?

*

நல்ல சொல்தான் அம்மா. ஆனால் டேப்லெட்டில் பேட்டி எடுக்கும்போது அதே திரையில் தரவுக்கான 'காப்புப்பிரதி' பொத்தானும் இருக்கலாம். அவசரத்தில் கை தவறும். 'மாற்று வினாநிரல்' என்றால் அதே ஆய்வின் இன்னொரு வடிவம் என்று நினைப்பார்கள்.

'மடைமாற்று வினாநிரல்' என்பது என் பரிந்துரை. தண்ணீரை வேறு வாய்க்காலில் திருப்பிவிட்டு, பிறகு பழைய மடையைத் திறக்கிறோம். இங்கும் வந்தவர் போனதும், விட்ட கேள்வியிலிருந்தே தொடர்கிறோம். மடைமாற்றிப் பெற்ற பதில்களைப் பகுப்பாய்வில் சேர்க்கக் கூடாது. எத்தனை முறை இடையூறு என்பதை மட்டும் குறிக்க வேண்டும். தனிமை மறுபடி கிடைக்கவில்லையா, வேறு நாள், வேறு இடம். இந்தியாவின் தேசியக் குடும்ப நல ஆய்விலோ, தனிமை அமையாவிட்டால் வன்முறைப் பகுதியைக் கேட்காமலே விட்டுவிட வேண்டும்.

*

நிதியை மடைமாற்றியதாகச் செய்தித்தாளில் படித்துப் பழகியவர்களுக்கு இது முதலில் உறுத்தும். ஆனாலும் ஏற்கிறேன், வினைச்சொல்லாகவும் நிற்கிறதே. களப்பணியாளருக்கு நீளமான பெயர் உதவாது, கட்டளை வேண்டும். கையேட்டில் இப்படி எழுதலாம்: "காலடிச் சத்தம் கேட்டதுமே மடைமாற்றுங்கள். ஆள் வாசலைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டாம்."