பொண்டிங்: பிணைப்பா, தொடுப்பா?

சீனன்குடாவிலிருந்து:

விமானத்தின் உலோகப் பாகங்களை மின்கடத்தும் பட்டையால் ஒன்றோடொன்று சேர்ப்பதுதான் 'பொண்டிங்'. நம் வான்மின்னணுவியல் (ஏவியோனிக்ஸ்) சொற்பட்டியலில் அது இப்போது 'பிணைப்பு' என்று கிடக்கிறது. பராமரிப்புப் பதிவேட்டில் 'சுக்கானில் பிணைப்பு விட்டுப்போயிற்று' என்று எழுதிப் பாருங்கள். தகடுகளைப் பசையால் ஒட்டுவதற்கும் பொண்டிங் என்றுதான் பெயர். ஆகவே ஒருவர் மின்தடையை அளக்க மில்லிஓம் மீற்றரோடு வருவார், மற்றவர் தகடு உரிந்துவிட்டதோ என்று தட்டிப் பார்ப்பார்.

'புவித்தொடுப்பு' என்பதும் சரிவராது. பறக்கிற விமானத்துக்குப் புவி ஏது? எரிபொருள் வண்டியையும் விமானத்தையும் சேர்க்கிற கம்பிகூட பொண்டிங்தான், எர்த் அல்ல. உலோகப் பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டுவருவதே வேலை என்பதால் 'சமத்தொடுப்பு' என்று முன்வைக்கிறேன்.

உப்புவெளியிலிருந்து:

'மின்பிணைப்பு' போதாதா, அண்ணை? பசைக் குழப்பம் அதோடு தீர்ந்துவிடும். 'தொடுப்பு' என்றால் ஊரில் சிரிப்பார்கள், காரணம் உங்களுக்கே தெரியும்.

சீனன்குடாவிலிருந்து:

சிரிக்கட்டும் தம்பி, 'புவித்தொடுப்பு' பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. 'மின்னிணைப்பு' மின்சார சபையிடம் வீட்டுக்கு எடுப்பது. அவசரக் கையெழுத்தில் அதுவும் 'மின்பிணைப்பும்' ஒன்றாகிவிடும். சொல்லை வேலைத்தாளில் வைத்துத்தான் பார்க்கவேண்டும்:

"பற்றரியைக் கழற்றவும். சமத்தொடுப்பு முகத்திலுள்ள பெயின்ற்றையும் அனோடைஸ் படலத்தையும் லக்கின் (பட்டை முனையிலுள்ள வளையத்தின்) முகத்தைவிடச் சற்றே அகலமாக நீக்கவும். உருக்குக் கம்பிப் பஞ்சு பாவிக்கவேண்டாம். பட்டையை முதன்மைக் கட்டமைப்பில் நேரே பூட்டவும். ஏற்கெனவே தொடுத்த இன்னொரு பாகத்தின் வழியாகத் தொடுக்கவேண்டாம். ஈயம் வைத்து ஒட்டவேண்டாம். நாலுமுனை மீற்றரால் அளக்கவும்; ஒவ்வொரு தொடுப்பும் 0.003 ஓமைத் தாண்டக்கூடாது. பிறகு சீலன்ற் பூசவும்."

அனோடைஸ் படலம், அதாவது அலுமினியத்தைக் காக்க அதன்மேல் உண்டாக்கிய ஒட்சைட்டுப் படலம், மின்கடத்தாது. அதை விட்டுவிட்டுப் போல்ற்றை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. கம்பிப் பஞ்சின் இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து அங்கேயே அரிப்பைத் தொடக்கும். சாதாரண மல்ரிமீற்றரால் அளக்கிறவர்களும் இருக்கிறார்கள்! அதன் வயர்களின் தடையே 0.1 ஓமுக்கு மேல் வரும்; நாலுமுனை மீற்றர் அந்தத் தடையைக் கணக்கில் சேர்க்காது. அளக்கவேண்டியதோ அதில் முப்பதில் ஒரு பங்கு.

பாலையூற்றிலிருந்து:

வேலைத்தாளில் சொல் நன்றாகவே உட்காருகிறது. சான்றளிப்புப் பக்கத்தையும் பார்ப்போம். அமெரிக்காவின் பெரிய விமான விதி 25.899 நிலைமின்னேற்றத்தால் ஆளுக்கு அதிர்ச்சி, எரியக்கூடிய ஆவி பற்றுதல், கருவிகளில் குறுக்கீடு ஆகிய மூன்றையும் தடுக்கச் சொல்கிறது. மூன்றுக்கும் முதல் மருந்து சமத்தொடுப்புத்தான். குறுக்கீடு எச்எப் (உயர் அதிர்வெண்) வானொலியில் கரகரப்பாகத்தான் முதலில் தெரியும். வானொலிப் பெட்டியை மாற்றி மாற்றிப் பார்த்தபிறகு, இறக்கை மடலில் இழை அறுந்த பட்டை ஒன்று அகப்படும்.

கருவிச் சோதனைத் தரமான டிஓ-160 இல் இன்னொரு நுட்பம் உண்டு. பொருத்தும் அறிவுறுத்தலில் உள்ள சமத்தொடுப்பை மட்டுமே சோதனை மேசையிலும் வைக்கலாம். கருவி வெளிவிடும் வானொலி அலைகளை அளக்கும் சோதனையில் தேறுவதற்காக ஒரு பட்டையைக் கூட்டினால், அந்தப் பெறுபேறு விமானத்தில் பூட்டப்போகும் கருவிக்கு உரியதல்ல. அந்த மேசையின் உலோகத் தகட்டை ('கிரவுண்ட் பிளேன்') யாரோ 'நிலத்தளம்' என்று பெயர்த்திருக்கிறார்கள். படிக்கிற பிள்ளை தரையைத் தேடும். 'சமத்தளம்' என்றால் மட்டமான தரை என்று விளங்குவார்கள். 'தொடுப்புத் தளம்' என்று வைப்போம்.

உப்புவெளியிலிருந்து:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டையின் உலோகத்தையும் விளக்கத்தில் சேர்க்கவேண்டும். நம் கடற்காற்றில் அதுதான் முதலில் போகும். பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகப் பட்டை. துருப்பிடியா உருக்கு, பித்தளை போன்றவற்றுக்குச் செப்புப் பட்டை. வேறுபட்ட உலோகங்கள் சேர்ந்தே ஆகவேண்டுமென்றால், அரிக்கப்படுவது பட்டையோ வாசரோ ஆக இருக்கும்படி தெரிவுசெய்யவேண்டும், விமானத்தின் சட்டகமாக அல்ல. பட்டையை மாற்றலாம்.

காபன் நார் உடலுக்கும் இதே சொல் பொருந்துமா? அது அலுமினியத்தைப்போலக் கடத்தாது. எடையில் ஏறத்தாழ பாதி கலப்புப்பொருளான போயிங் 787 இல் மின்னோட்டம் திரும்பத் தனி வலையே போட்டிருக்கிறார்கள்.

சீனன்குடாவிலிருந்து:

வலைக்கு வேறு பெயர் வேண்டும், அது மின்னோட்டம் திரும்பும் வழி. 'திரும்புவலை' என்று தற்காலிகமாகக் குறிக்கிறேன். பாகங்களை அதனோடு சேர்ப்பது சமத்தொடுப்புத்தான். தொடுக்கிற பட்டைக்குப் பெயரான 'ஜம்பர்' ஜம்பராகவே இருக்கட்டும். கொட்டகையில் வேறெப்படியும் யாரும் கேட்கமாட்டார்கள்.