பூங்காச் சுவரில் என்ன வரைவது?

குழு: நான்காவது வீதி குடும்பங்கள், வடவள்ளி

சனி

செல்வராஜ் (செயலர்), காலை 7:05
எல்லாருக்கும் வணக்கமுங்க. பூங்காச் சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. சும்மா விட்டால் அடுத்த வாரமே போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். அதற்குள் ஏதாவது படம் வரைய வேண்டும். யோசனை சொல்லுங்க.

பிரகாஷ், 7:09
செர்ரிப் பூ மரம் போடலாம் அண்ணா. பிங்க் கலரில். பெங்களூரில் ஒரு கஃபே சுவரில் பார்த்தேன், செல்ஃபி எடுக்கவே வரிசையில் நிற்கிறார்கள்.

சுமதி டீச்சர், 7:16
செர்ரிப் பூவை நம் வீதியில் யார் பார்த்திருக்கிறோம் பிரகாஷ்? இங்கே இருப்பதை வரையலாமே. ஆவாரை, கொன்றை, எருக்கு, காந்தள். மருதமலைப் படி ஏறும்போது “இது நம்ம சுவரில் இருக்கிற பூ”ன்னு பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும்.

பிரகாஷ், 7:18
எருக்கா! அது முளைத்த வீடு பாழ் என்பார்களே டீச்சர்.

சுமதி டீச்சர், 7:19
பிள்ளையாருக்கு மாலை போடும்போது மட்டும் வேணுமாக்கும்.

செல்வராஜ் (செயலர்), 7:24
அம்மாவிடம் கேட்டேனுங்க. வெள்ளெருக்கு என்றால் சரியாம். அதுவும் கோயில் பக்கத்துச் சுவரில்தானாம்.

ஜெயந்தி, 7:40
குல்மோஹர் போடலாமே. நம் பூங்காவிலேயே இருக்கிறது, மே மாதம் முழுக்கச் சிவப்பாக நிற்கும்.

ரவி சார், 7:52
அது மடகாஸ்கர் மரம் அம்மா. பக்கத்தில் இருக்கிற காகிதப்பூ தென் அமெரிக்கா. தூங்குமூஞ்சி மரமும் அந்தப் பக்கத்துக்காரர்தான்.

பிரகாஷ், 7:53
அப்போ பூங்காவில் நம் ஊர்க்காரர் யாருமே இல்லையா சார்?

ரவி சார், 7:58
பின்கேட்டில் இருக்கிற புங்கை. அப்புறம் கம்பி வேலிக்கு வெளியே, யாரும் வைக்காமல் தானாக முளைத்த ஆவாரை. போன மாதம் கார்ப்பரேஷன் ஆள் அதை வெட்ட வந்தபோது நான் சண்டை போட்டேன், நினைவிருக்கும்.

நித்யா, 8:10
வெளியூர்ச் செடி என்றாலே ஒதுக்க வேண்டாம் சார். கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் உண்ணிச்செடிக் குச்சியை வளைத்து நிஜ யானை அளவுக்கே யானைகள் செய்கிறார்கள். 2021இல் லண்டன் பூங்காக்களில் நிறுத்தினார்கள், 2024இல் அமெரிக்கா போனது. காட்டை மூடிக்கொண்டு மற்ற செடியை வளரவிடாத களை அது. அதை வெட்டுவதே காட்டுக்கு நல்லது.

ரவி சார், 8:14
அது வேறு கணக்கு. அங்கே செடியைக் காட்டிலிருந்து வெளியே எடுக்கிறார்கள். நாம் சுவரில் வரைந்து கௌரவிக்கப் போகிறோம். களைக்கு எதற்கு கௌரவம்?

நித்யா, 8:15
அதுவும் சரிதான்.

நித்யா, 8:47
[படம்] காந்தள் ஒரு ஸ்கெட்ச் போட்டேன். மாநில மலர் என்பதால் இதையே நடுவில் பெரிதாக வைக்கலாம். எப்படி இருக்கிறது?

பிரகாஷ், 8:48
செம!

ஜெயந்தி, 8:50
அழகு கண்ணு. தீ எரிகிற மாதிரியே இருக்கு.

தங்கமணி அக்கா, 9:20
நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனால் நடுவில் ஒரு பச்சைக் குச்சி இருக்கிறதே, அதை ஏன் நேராக விட்டிருக்கிறாய்?

நித்யா, 9:22
தெரிந்துதான் அக்கா நேராக்கினேன். சாய்த்து வரைந்தால் உடைந்துபோன மாதிரி தெரிகிறது. கீழே போகிறவர்கள் பெயிண்டர் சொதப்பிவிட்டார் என்பார்கள்.

தங்கமணி அக்கா, 9:41
எங்கள் அண்ணன் மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறார். உங்கள் காந்தள் எங்கள் ஊரில் கண்வலிக்கிழங்குதான். இப்போது பூத்துக் கிடக்கிறது. அந்தக் குச்சி பூவின் அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் இருக்கிற ஆறும் விரிந்து ஆளுக்கொரு திசையில் நிற்கும். ஒன்றையொன்று லேசில் தொட்டுக்கொள்ளாது. அதனால் காலையிலேயே தோட்டத்துக்குப் போய், ஒவ்வொரு பூவாக மகரந்தத்தை எடுத்து அந்தக் குச்சி நுனியில் தடவ வேண்டும். கல்யாணம் ஆகும்வரை நானும் தடவியிருக்கிறேன், விரலெல்லாம் மஞ்சளாகிவிடும். தடவாமல் விட்டால் காய் சரியாகப் பிடிக்காது. விதைக்குத்தானே விலை, மருந்துக் கம்பெனிக்குப் போகிறது. நீ வரைந்த மாதிரி நிமிர்ந்து நின்றிருந்தால் எங்கள் அண்ணனுக்கு அந்தக் கூலி மிச்சம்.

செல்வராஜ் (செயலர்), 9:43
அடேங்கப்பா.

சுமதி டீச்சர், 9:45
தங்கமணி, நீங்கள் இத்தனை நாள் இந்தக் குழுவில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று மட்டும்தானே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்!

தங்கமணி அக்கா, 9:46
தண்ணி வந்தால் மற்றதைப் பேசலாமுங்க டீச்சர்.

சுமதி டீச்சர், 9:58
நித்யா, இன்னொன்று. கொடித் தண்டிலிருந்து தனியாகச் சுருள் போட்டிருக்கிறாய், சுரைக்கொடிக்கு வருகிற மாதிரி. காந்தளுக்கு அப்படிக் கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு வேலியைப் பிடிக்கும். பூவும் ஒரே நிறம் இல்லை. விரியும்போது பச்சையும் மஞ்சளும், அப்புறம் நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, வாடும்போது முழுக்கச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்றையும் வரைந்தால் அதுவே பாடம்.

ரவி சார், 10:30
கோவைக்கு இந்த வேலை புதிதில்லை. ராபர்ட் வைட் என்று ஸ்காட்லாந்து மருத்துவர் ஒருவர், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1840களில் இங்கே அமெரிக்கப் பருத்தியை விளைவித்துப் பார்க்கும் வேலையில் இருந்தார். செடிப் பைத்தியம். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட இந்தியத் தாவரப் படத் தொகுப்பில் மட்டும் 2101 படங்கள். அவருக்கு வரைந்தவர்கள் நம் ஆட்கள் இருவர்: முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து. செடியை முழுசாக ஒரு பக்கம் வரைவார்கள். கீழே அதே பூவைப் பிரித்து இதழ், மகரந்தத் தாள், சூலகம், விதை எல்லாம் பெரிதாக்கித் தனித்தனியாக. தங்கமணி சொன்ன மடக்கு மாதிரி விஷயமெல்லாம் அந்தக் கீழ் வரிசையில்தான் வரும்.

ரவி சார், 10:33
மூலப் படங்கள் பல எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தின் பெயரையே வைத்தார் வைட். பிற்பாடு அதை வேறு பேரினத்தோடு சேர்த்துவிட்டதால் பெயர் புழக்கத்தில் இல்லை. அந்த இருவரும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அநேகமாகப் பதிவே கிடையாது. வைட்டின் பருத்திக்கு மட்டும் கட்டுக் கட்டாகக் காகிதம்.

நித்யா, 10:41
கீழ் வரிசை யோசனை பிடித்திருக்கிறது சார். சுவரின் மேல்பாதியில் செடி, கீழே ஒரு முழம் உயரத்துக்குப் பூவின் பாகங்கள். சின்னப் பிள்ளைகள் கண்மட்டத்தில் அதுதான் இருக்கும். குச்சியை மடக்கியே வரைகிறேன் அக்கா, ஆனால் பூவை நேரில் பார்க்காமல் தொட மாட்டேன்.

செல்வராஜ் (செயலர்), 10:50
பூளைப்பூவையும் சேருங்க. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றும் சேர்த்துப் போகியன்று காப்புக் கட்டுகிறோமே, அந்தக் கட்டை அப்படியே கேட் பக்கத்தில் வரைந்தால் எங்கள் அம்மா சந்தோஷப்படுவார்.

ஜெயந்தி, 11:02
கண்வலிக்கிழங்கு விஷம் இல்லையா? பிள்ளைகளைப் பக்கத்தில் விடலாமா?

தங்கமணி அக்கா, 11:05
விஷம்தானுங்க, கிழங்கும் விதையும் ரொம்ப. வாயில் வைக்கக் கூடாது. பூவைப் பார்த்து வரையட்டும், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கிழங்கு நான் கொண்டு வர மாட்டேன்.

சுமதி டீச்சர், 11:12
சரி, இப்படிச் செய்வோம். ஐப்பசி மழையில் சுவரில் பெயிண்ட் நிற்காது. இப்போது பேப்பரில் மட்டும். காந்தளை நாளைக்கே பார்த்து வரைவோம், ஆவாரைக்கு வேலி ஓரம் போதும், பூளை மார்கழியில். சுவர் வேலை போகிக்கு முந்தின வாரம்.

பிரகாஷ், 11:15
அதுவரை போஸ்டர்?

செல்வராஜ் (செயலர்), 11:16
“இங்கே படம் வரையப்படும்” என்று எழுதி வைக்கிறேன். கேட்டால் சரி.

பிரகாஷ், 11:18
பெயிண்ட் செலவில் பாதி நான் தருகிறேன். ஒரு ஓரத்தில் சின்னதாகச் செர்ரிப் பூ?

சுமதி டீச்சர், 11:18
கிடையாது.

தங்கமணி அக்கா, 11:30
அண்ணனிடம் பேசிவிட்டேன். நாளை காலை பஸ்ஸில் பையன் கொண்டு வருகிறான். பூவை மட்டும் கிள்ளினால் வாடிவிடும், கொடியோடு அறுத்து ஈரச்சாக்கில் சுற்றித் தரச் சொன்னேன். ஒன்பது மணிக்குப் பூங்காவில் யாராவது ஒரு பெரிய வாளியில் தண்ணீர் வையுங்க. லாரித் தண்ணி வேண்டாம், போர் தண்ணி போதும்.