எச்டிடிபிஎஸ் வந்தபின் கேஷ் எங்கே போச்சு?

வடசேரிக்காரன்: பக்கத்து இழையில் தக்கலைத்தம்பி அருளியிருக்கிறார்: "எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ் ஆனதால் கேஷிங்குக்கு ஒரு குறையும் இல்லை." கேஷ் என்றால் ஒருமுறை இறக்கியதை எடுத்து வைத்து அடுத்த முறை கொடுப்பது; எச்டிடிபிஎஸ் என்றால் தளத்துக்கும் பிரவுசருக்கும் இடையே போவதைப் பூட்டி அனுப்புவது. பிரவுசிங் சென்டர் நடத்திய எவனும் சிரிப்பான். நான் சென்டர் முழுவதற்கும் பொதுவாகக் கேஷ் செய்யும் ஸ்க்விட் என்ற மென்பொருளைப் போட்டிருந்தேன். ரிசல்ட் நாளில் முதல் சீட்டில் திறந்த பக்கத்தின் படமெல்லாம் அடுத்த சீட்டுக்கு என் ஹார்டு டிஸ்கிலிருந்தே போகும். இப்போது அதன் லாக்கை, அதாவது பதிவேட்டை, திறந்து பாரும்: கனெக்ட் என்ற கட்டளை, தளத்தின் பெயர், எச்டிடிபிஎஸ்ஸின் போர்ட் எண்ணான 443. வரிக்கு வரி அதுவேதான். உள்ளே போவது படமா பாட்டா என்றே தெரியாதபோது எதை எடுத்து வைப்பது?

தக்கலைத்தம்பி: குரோம் எடுத்து வைக்கிறதே அண்ணாச்சி! எதை எவ்வளவு நேரம் எடுத்து வைக்கலாம் என்று தளம் சொல்லும் கேஷ்-கன்ட்ரோல் எச்டிடிபிஎஸ்ஸிலும் அப்படியே வேலை செய்யும்.

வடசேரிக்காரன்: அது ஒரு ஆளுக்கு; நான் கேட்பது சென்டர் முழுவதற்கும். ஸ்க்விட் லாக்கில் ஒரு ஹிட், கேஷிலிருந்தே கொடுத்தது என்று ஒரு வரி, காட்டும் பார்ப்போம்.

தக்கலைத்தம்பி: டெவலப்பர் டூல்ஸில் "டிஸ்க் கேஷ்" என்று வருகிறதே, அது கேஷ் இல்லாமல் கருவாடா?

குளச்சல்_அலை: கருவாட்டை ஏன் இழுக்கிறீர்? 2010இல் ஃபயர்ஷீப் என்ற பிரவுசர் நீட்சி வந்தபோது, பூட்டில்லாத வைஃபையில் பக்கத்தில் இருப்பவனின் ஃபேஸ்புக்குக்குள் ஒரே கிளிக்கில் புகலாம். முழுக்க எச்டிடிபிஎஸ் இல்லாத அந்தக் காலம் திரும்ப வேண்டுமா?

வடசேரிக்காரன்: பாதுகாப்பு வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? ஹிட்டைக் காட்டச் சொன்னேன்.

தக்கலைத்தம்பி: சரி, யூடியூப்? கூகுள் தன் கேஷ் பெட்டிகளை இணைய இணைப்பு தரும் நிறுவனங்களுக்குள்ளேயே வைத்திருக்கிறது. நெட்ஃப்ளிக்ஸும் அப்படித்தான்.

வடசேரிக்காரன்: பெட்டியும் அவனுடையது, சாவியும் அவனுடையது. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் கிடந்தால் கடைவரம்பு வயல் நனைந்துவிடுமா? சின்னத் தளத்துக்காரன் சிடிஎன்னிடம், அதாவது பல ஊர்களில் கேஷ் பெட்டி வைத்துத் தளங்களுக்குச் சேவை தரும் நிறுவனத்திடம், போனால் பூட்டைத் திறக்கும் உரிமையை அதன் கையில் கொடுக்க வேண்டும். அப்புறம் பூட்டு எதற்கு? 2018 ஜூலையில் குரோம் 68 சாதாரண எச்டிடிபி தளத்தையெல்லாம் "பாதுகாப்பற்றது" என்று முத்திரை குத்தியது. வெறும் கவிதை போடுகிறவனும் மாற வேண்டியதாயிற்று. எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு இலவசமாகத் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே கவிதை இன்று பத்து சீட்டுக்குப் பத்து முறை லைனில் வருகிறது. ஹிட் எங்கே?

குலசேகரம்_ரப்பர்: டெபியன் லினக்ஸின் மென்பொருள் பேக்கேஜ்களை இன்றும் எச்டிடிபியில் இறக்கலாம். கையொப்பத்தைத் தனியாகச் சரிபார்த்துக்கொள்ளும். அந்தப் பேக்கேஜ்களைக் கேஷ் செய்யும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டால் ஒருமுறை இறக்கியது லேப் முழுவதற்கும் போதும். மற்றதற்கு ஸ்க்விட்டிலேயே எச்டிடிபிஎஸ் பூட்டை நடுவில் திறக்கும் எஸ்எஸ்எல் பம்ப் வசதி இருக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் உங்கள் சான்றிதழை ஏற்றிவிட்டு நடுவில் பிரித்துப் பார்க்கலாம்.

குளச்சல்_அலை: ஆகா! ஊரார் பேங்க் பாஸ்வேர்டையும் பிரித்துப் பார்க்கலாம். உங்கள் குலசேகரம் மலையோரத்தில் இதுதான் தொழிலா?

குலசேகரம்_ரப்பர்: மலையோரத்தை இழுத்தால் மரியாதை கெட்டுவிடும். உமக்கு ரூட்டர் செட்டிங் சொல்லிக்கொடுத்தது இந்த மலையோரத்தான்தான்.

வடசேரிக்காரன்: டெபியன் ஹிட் எனக்கு வேண்டாம். எச்டிடிபிஎஸ் ஹிட், ஒன்றே ஒன்று.

தக்கலைத்தம்பி: அண்ணாச்சி சென்டரில் அரை மணி உட்கார்ந்தால் ஒரு மணிக்குக் காசு. லைன் மெதுவாக இருந்தால் யாருக்கு லாபம் என்று எல்லாருக்கும் தெரியும்.

வடசேரிக்காரன்: நீர் பிரிண்ட் எடுத்த பாக்கியை முதலில் கொடும்.

தக்கலைத்தம்பி: அந்தப் பிரிண்டில் பாதிப் பக்கம் வெள்ளையாகத்தானே வந்தது!