அர்ஜினினுக்கு ‘நடுநிலையாக்கி’ பொருந்தாது: ‘அமிலத் தணிப்பி’ என் பரிந்துரை

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டிலேயே கிரீமும் ஜெல்லும் செய்பவர்களுக்கான கையேட்டில், அமிலத்தன்மையைக் குறைக்கச் சேர்க்கும் அர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்கு எதிரே ‘நடுநிலையாக்கி’ என்று போடலாம் என முந்தைய மடலில் வந்திருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் பாடநூல்களில் நடுநிலை என்றால் பி.எச். (அமில, கார அளவு) 7; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டி, லேசான அமிலத்தன்மையோடு இருக்கிறது. கிரீமை 5.5-இல் நிறுத்த வேண்டியவரிடம் ‘நடுநிலையாக்கு’ என்றால் அவர் 7 வரை ஏற்றிவிடுவார்.

முதலில் ஜெல் செய்யும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஜெல்லைக் கெட்டிப்படுத்தும் பாலிமரான கார்போமர் தூளைத் தண்ணீரில் தூவி ஊறவிட்டால் பி.எச். 3 அளவில், நீர்க்கவே கிடக்கும். காரம் ஒன்றைச் சேர்த்து 5.5, 6 என்று ஏற்றினால் பாலிமரின் அமிலத் தொகுதிகள் எதிர்மின் சுமை பெற்று ஒன்றையொன்று தள்ளும். சுருண்டிருந்த இழைகள் விரியும், ஜெல் கெட்டிப்படும். சோடியம் ஹைட்ராக்சைடும் இந்த வேலையைச் செய்யும்தான். ஆனால் அது கண்ணில் பட்டால் பேராபத்து, ஒரு சொட்டு கூடினாலும் பி.எச். எகிறிவிடும். அர்ஜினின் அவ்வளவு முரடு இல்லை. அதன் மூலக்கூறு எடை 174, சோடியம் ஹைட்ராக்சைடுக்கு 40. அதே வேலைக்கு எடையில் நான்கு மடங்குக்கு மேல் வேண்டும் என்பதால், வீட்டுத் தராசில் நிறுப்பவருக்கு அதுவே வசதி.

இங்கே பெங்களூரில் இன்னொரு சங்கதியும் உண்டு. போர்வெல், டேங்கர் தண்ணீரில் உப்புகள் அதிகம். கார்போமர் ஜெல் உப்பைத் தாங்காமல் இளகிவிடும். காய்ச்சி வடித்த நீர்தான் சரி என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட வேண்டும்.

‘அமினோ அமிலம்’ என்ற பெயரைப் பார்த்து, அர்ஜினின் பி.எச்.-ஐக் குறைக்கும் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் பக்கச் சங்கிலியிலுள்ள குவானிடின் தொகுதி புரோட்டானை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அது காரம். தண்ணீரில் கரைத்தால் பி.எச். 10.5-க்கும் மேலே போகும். அதன் உப்பு வடிவமான அர்ஜினின் ஹைட்ரோகுளோரைடில் புரோட்டானுக்கான அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது, அதைக் கொட்டினால் பி.எச். ஏறாது. வாங்கும்போது டப்பாவில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘காரமூட்டி’ என்பது நிறமூட்டி, சுவையூட்டி வரிசையில் அழகாகத்தான் நிற்கிறது. ஆனால் முகத்தில் பூசும் பொருளின் மேல் அதைப் படிப்பவருக்கு மிளகாய்தான் நினைவுக்கு வரும். கன்னடத்தில் நாக்கில் உறைப்பது ‘கார’, வேதியியலில் வருவது ‘க்ஷார’ என்று தனித்தனியே இருக்கின்றன. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ‘சீராக்கி’யும் வேண்டாம். மின்னழுத்தச் சீராக்கி போல, ஏறாமல் இறங்காமல் வைத்திருப்பது என்ற பொருள் அதற்கு ஊன்றிவிட்டது. அர்ஜினின் இங்கே ஏற்றத்தான் செய்கிறது. அமிலத்தன்மையைக் குறைக்கும், ஆனால் முழுக்கப் போக்காது என்பதால் ‘அமிலத் தணிப்பி’ என்று பரிந்துரைக்கிறேன். சிட்ரிக் அமிலம், லாக்டிக் அமிலம் போல எதிர்ப்பக்கம் இறக்குபவற்றுக்கு ‘அமிலமூட்டி’. இரண்டுக்கும் பொதுவாக ‘பி.எச். திருத்தி’.

கையேட்டில் இப்படி வரும்: “அர்ஜினின், அமிலத் தணிப்பி. 10 சதவீதக் கரைசலாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கலக்கி, பி.எச். தாளில் அளந்து பார்க்கவும். 5.5 வந்ததும் நிறுத்தவும்.”

‘தணிப்பி’யா ‘தணிப்பான்’ஆ என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ‘கெட்டிப்படுத்தி’, ‘பதப்படுத்தி’ எல்லாம் இகரத்தில் முடிவதால் முன்னதை எடுத்தேன். பள்ளியில் வேதியியல் நடத்தும் உறுப்பினர்கள் இதைப் பற்றி எழுதினால் நல்லது.