புதுப்பிப்பு: விஆர்சி6, நாம்கோ 163 ஒரே பாடலில் – வேலை முடிந்தது

ஃபேமிடிராக்கரில் (பழைய ஃபேமிகாம் விளையாட்டுக் கருவியின் ஒலியில் பாட்டு அமைக்கும் மென்பொருள்) விஆர்சி6 என்ற கூடுதல் ஒலிச் சிப்பைத் தேர்ந்தெடுத்தால் நாம்கோ 163 என்ற இன்னொரு சிப் போய்விடுகிறதே என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மூல ஃபேமிடிராக்கரில் ஒரு நேரத்தில் ஒரு எக்ஸ்பான்ஷன் (கூடுதல் ஒலி) சிப்தான். அதிலிருந்து பிறர் உருவாக்கிய டிஎன்-ஃபேமிடிராக்கருக்கு மாறச் சொன்ன யோசனைதான் பலித்தது. அதன் மாட்யூல் ப்ராப்பர்ட்டீஸ் அமைப்பில் இரண்டு சிப்பையும் டிக் செய்தேன். பழைய கோப்பும் ஒழுங்காகத் திறந்தது. பாட்டில் குடியாத்தம் சிரசுத் திருவிழாப் பம்பை நாய்ஸ் (இரைச்சல்) சேனலில், நாதஸ்வரம் விஆர்சி6-இன் ரம்ப அலையில் (ரம்பப் பல் வடிவ ஒலி அலை).

எதிர்பாராதது ஒன்று: நாம்கோவில் 8 சேனலும் போட்டதும் மெல்லிய கீச்சொலி, ஒவ்வொரு குரலும் சன்னம். அந்தச் சிப் சேனல்களை மாற்றி மாற்றித்தான் ஒலிக்கவிடும். எட்டென்றால் ஒரு நொடிக்குச் சுமார் 15,000 சுற்று, காதுக்குக் கேட்டுவிடும். 4 ஆக்கினேன், கீச்சொலி போச்சு. அம்மாவுக்கு மட்டும் என் பாட்டே இன்னும் கொசு சத்தம்தான்.