புதுப்பிப்பு: ஜிம்னியா, தார் ராக்ஸா? முடிவு எடுத்தாச்சு

தாண்டிக்குடி பக்கம் எங்கள் காபித் தோட்டத்துக்குப் போய்வர மாருதி ஜிம்னி வாங்குவதா, மஹிந்திரா தார் ராக்ஸ் வாங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். ஜிம்னி எடுத்துவிட்டோம்.

பெரிய வண்டி, டீசல் இழுவை என்று பலர் ராக்ஸைச் சொன்னீர்கள். நியாயம்தான். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுபவர்கள் யோசிக்காமல் அதையே எடுக்கலாம். எங்களுக்குக் கணக்கை மாற்றியது அகலம். ராக்ஸ் 1,870 மி.மீ., ஜிம்னி 1,645 மி.மீ. மெயின் ரோட்டில் இது பெரிய விஷயமே இல்லை. தோட்டத்துப் பாதையில் ஒரு பக்கம் கல்கட்டு, மறுபக்கம் பள்ளம். அங்கே அந்த 22 சென்டிமீட்டர்தான் எல்லாம். எதிரே ஜீப் வந்தால் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தை ஒட்டி ஒதுங்கிவிட முடிகிறது. மழையில் ஊறிய மண் இறக்கத்தில் 4எல் (நாலு சக்கரத்துக்கும் மெதுவாக, அதிக இழுவையோடு சக்தி தரும் நிலை) போட்டு முதல் கியரில் விட்டால், பிரேக்கைத் தொடாமலே நிதானமாக இறங்குகிறது. ரொம்பப் பிடித்துப்போன விஷயம் இது.

டிக்கிதான் சின்னது, 208 லிட்டர். உர மூட்டை ஏற்ற வேண்டுமென்றால் பின் சீட்டை மடக்கியே ஆக வேண்டும். அறுவடைக்கு வழக்கம்போல வாடகை ஜீப்தான்.

அப்புறம், வண்டியோடு வந்த டயர் சேற்றில் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. ஏ.டி. டயர் (ரோடு, மண் பாதை இரண்டுக்கும் ஏற்ற ஆல்-டெரெய்ன் டயர்) மாற்றியவர்கள் இருந்தால், மைலேஜ் எவ்வளவு குறைந்தது என்று சொல்லுங்கள்.