கடலூரில் எடுத்த படங்களை இணையத்தில் விற்பது பற்றி

முதுநகரான்:
அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டி வசிக்கிறேன். விடியற்காலை மீன் ஏலம், தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை, பிச்சாவரம் என்று பல ஆண்டுகளாக எடுத்த படங்கள் கணினியில் சும்மா கிடக்கின்றன. முகூர்த்த நாட்களில் கூலிக்கு எடுத்த திருமணப் படங்களும் உள்ளன. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் போன்ற படம் விற்கும் தளங்களில் இவற்றை ஏற்றினால் உருப்படியாக ஏதேனும் தேறுமா? மீனவர்களின் முகம் தெரியும் படங்களை விற்கலாமா? இதற்கிடையே, பிச்சாவரப் படம் ஒன்றின் உரிமையை நாட்காட்டிக்காக மொத்தமாக எழுதித் தரும்படி உள்ளூர் அச்சகம் ஒன்றும் கேட்கிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

புதுவைநிழல்:
வணக்கம் நண்பரே. முதலில் வரவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஷட்டர்ஸ்டாக்கில் விற்பனைத் தொகையில் நமது பங்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, பதிவிறக்கங்கள் கூடக் கூட 40 வரை உயரும். ஆனால் 2020இல் கொண்டுவந்த முறைப்படி, சனவரி 1 வந்தால் எல்லோரும் மீண்டும் முதல் படியிலிருந்துதான் ஏற வேண்டும். ஒரு பதிவிறக்கத்துக்கு 10 சென்ட் வருவது அங்கே சாதாரணம். அடோபி ஸ்டாக் படங்களுக்கு 33 விழுக்காடு தருகிறது. வேலையை விட்டுவிட்டு இறங்கும் தொழில் இதுவல்ல.

எந்தப் படம் போகும் என்பதுதான் முக்கியம். எங்கள் ஊர் ஒயிட் டவுனின் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் ஏற்கெனவே குவிந்து கிடப்பதால், இன்னொன்றை ஏற்றினால் அது பத்தாவது பக்கத்துக்கும் அப்பால் போய்ப் புதைந்துவிடும். உங்களிடம் இருப்பது அப்படிப்பட்ட சரக்கல்ல. பாடநூல் பதிப்பகமோ சூழலியல் இதழோ தேடுவது வெறும் ‘இந்திய மீன்’ படத்தை அல்ல. கூடையில் இருப்பது மத்தி என்றால், சார்டினெல்லா லாங்கிசெப்ஸ் என்ற அறிவியல் பெயரையும் குறிச்சொற்களில் சேருங்கள். பிச்சாவரப் படங்களிலும் அப்படித்தான்: மரத்திலிருந்து வளைந்து இறங்கித் தண்ணீரில் ஊன்றி நிற்பவை ரைசோபோரா என்ற அலையாத்தி மரத்தின் தாங்கு வேர்கள்; சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அவிசென்னியா என்ற இன்னொரு வகை அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்கள். இரண்டையும் பிரித்து எழுதத் தெரிந்தவர் குறைவு. அங்கேதான் உள்ளூர்க்காரருக்கு வாய்ப்பு இருக்கிறது. ஷட்டர்ஸ்டாக்கில் ஒரு படத்துக்கு 50 குறிச்சொற்கள் வரை இடலாம். அடோபியில் முதல் பத்துச் சொற்களுக்கே முன்னுரிமை என்பதால், பொதுவான சொற்களைப் பின்னால் தள்ளுங்கள்.

கெடிலக்கரை:
முகம் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். விளம்பரத்துக்குப் பயன்படும் வணிக உரிமத்தில் விற்க வேண்டுமானால், அடையாளம் தெரியும் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்க வேண்டும். சிறுவர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையொப்பமிட வேண்டும். படிவம் இல்லாத ஏலக்காட்சியை ஷட்டர்ஸ்டாக்கில் செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற பிரிவில், இடமும் தேதியும் குறிப்பிட்டு ஏற்றலாம். அடோபியில் அத்தகைய படம் தேறாது. ஏலம் சூடாக நடக்கும்போது படிவத்தை நீட்டினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வலை பின்னிக்கொண்டு ஓய்வாக இருக்கும் நேரத்தில், படம் எதற்கெல்லாம் பயன்படக்கூடும் என்பதைத் தமிழில் விளக்கிச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலப் படிவத்தில் விவரம் சொல்லாமல் கைநாட்டு வாங்குவோரும் இருக்கிறார்கள். அதை ஒப்புதல் என்று நான் ஏற்க மாட்டேன்.

திருமணப் படங்களைத் தொடாதீர்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17இன்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் செய்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அவரே முதல் உரிமையாளர். படம் எடுத்தவர் நீங்கள் என்றாலும் உரிமை பெண் வீட்டாருக்கோ மாப்பிள்ளை வீட்டாருக்கோதான்.

புதுவைநிழல்:
நாட்காட்டி விஷயம் விடுபட்டுவிட்டது. மொத்தமாக எழுதிக் கொடுத்தால், அதே படத்தை நீங்களே பிறகு எந்தத் தளத்திலும் ஏற்ற முடியாமல் போகலாம். குறிப்பிட்ட ஆண்டின் நாட்காட்டிக்கு மட்டும் என்று உரிமம் கொடுத்தால், அதற்கும் காசு வரும், படமும் உங்களுடையதாகவே இருக்கும். உரிமையை மாற்றித் தரும் ஆவணத்தில் காலமும் எல்லையும் எழுதாமல் விட்டால், பிரிவு 19இன்படி அது ஐந்து ஆண்டுகளுக்கும் இந்திய எல்லைக்குள்ளும் என்றே கொள்ளப்படும். ஆகவே அச்சகத்தார் கொண்டுவரும் தாளில் ‘நிரந்தரமாக’, ‘உலகெங்கும்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

முதுநகரான்:
இருவருக்கும் மிக்க நன்றி. நாட்காட்டிக்கு ஓராண்டு உரிமம் மட்டும் தருவதாகச் சொல்லப் போகிறேன். இரண்டு ஐயங்கள் மிச்சம்: பணம் எப்படி வந்து சேரும், கைப்பேசியில் எடுத்தவற்றை ஏற்பார்களா?

கெடிலக்கரை:
பேபால் அல்லது பயோனியர் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக வங்கிக் கணக்குக்கு வரும். அதற்கு பான் எண் தேவைப்படும். கணக்குத் தொடங்கும்போதே டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். இந்தியாவுடன் உள்ள ஒப்பந்தப்படி, அமெரிக்காவிலிருந்து வரும் உரிமத்தொகைக்கு 30க்குப் பதில் 15 விழுக்காடு பிடித்தம் செய்வார்கள். அப்படிப் பிடித்த தொகைக்கு இங்கே வருமான வரிக் கணக்கில் கழிவு கோரலாம்.

கைப்பேசிப் படங்களுக்குத் தடையில்லை. 4 மெகாபிக்சல் இருந்தால் போதும். ஆனால் ஏலக்கூடத்தின் குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்தவற்றை முழு அளவுக்குப் பெரிதாக்கி, நிழல் பகுதிகளில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள். பெரும்பாலும் அதைக் காட்டித்தான் திருப்பி அனுப்புகிறார்கள்.